கதவுக்கு வெளியே ஒரு பெஞ்சு

நானும் என் மனைவியும் முதன்முதலில் பேசிக்கொண்டது ஒரு பூட்டிய கதவுக்கு முன்னால்.

ரயில் பாலத்துக்குக் குண்டு வைக்கத் திட்டம் போட்டதாக நாலு பேர் மேல் வழக்கு. நான் காலைப் பத்திரிகை நிருபர், அவள் மாலைப் பத்திரிகைக்காரி. முதல் நாளே அரசு வக்கீல் எழுந்து, ரகசிய ஆதாரம் வெளியே கசிந்தால் சாட்சிகளின் உயிருக்கு ஆபத்து என்றார். நீதிபதி தடை உத்தரவு போட்டார். சாட்சியத்தில் ஒரு வரியும் அச்சில் வரக்கூடாது. அந்தச் சாட்சிகள் பேசும் நாட்களில் நிருபர்களும் குடும்பத்தாரும் உள்ளே இருக்கவும் கூடாது.

ஆனாலும் தினமும் போனோம். நம் ஆள் இல்லாத நேரத்தில் அடுத்த பத்திரிகைக்கு ஏதாவது சிக்கிவிடுமோ என்று இரண்டு எடிட்டர்களுக்கும் பயம். ஆக, ஒருவரை ஒருவர் காவல் காக்கத்தான் எங்களுக்குச் சம்பளம்.

தாழ்வாரத்தில் இருந்தது ஒரே பெஞ்சு. ஒரு ஓரத்தில் நான், மறு ஓரத்தில் அவள், நடுவில் அக்கா. கைதான நாலு பேரில் இளையவனின் அக்கா. தாய் தகப்பன் இல்லாத அவனை வளர்த்து ஆளாக்கியவள். தையற்கடையிலிருந்து சட்டைகளை ஒரு பையில் கொண்டுவந்து, மடியில் போட்டுப் பட்டன் ஓட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டே இருப்பாள்.

உள்ளே விடாத இடத்துக்கு எதற்காக வருகிறீர்கள் என்று என் மனைவி ஒருநாள் கேட்டாள். அக்கா நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "ஊசிய உள்ள விட்டுட்டு நூலு மட்டும் வீட்டுக்குப் போய் என்ன பண்ணும்?"

கதவு திறக்கும்போதெல்லாம் வெளியே வருகிறவர்களின் முகத்தைப் படிப்போம். அரசு வக்கீல் மூக்கைத் தேய்த்தால் சாட்சி பல்டி அடித்துவிட்டான் என்று என் மனைவி ஒரு சாஸ்திரமே வைத்திருந்தாள். ஒரு வாரம் முழுக்கத் தேய்த்தார். வழக்கே கவிழ்ந்தது என்று நான் எடிட்டரிடம் சத்தியம் செய்யாத குறை. கடைசியில் மனிதருக்கு ஜலதோஷமாம். அக்கா சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதே வாரம் என் சட்டையில் தொங்கிய பட்டனை, போட்டிருந்தபடியே தைத்துவிட்டு, "இவருக்கு ஒரு ஆள் வேணும்மா" என்று அக்கா என் மனைவி பக்கம் திரும்பிச் சொன்னாள். அவள் காது சிவந்ததை நான் பார்த்துவிட்டேன்.

ஒரே ஒரு நாள் அக்கா வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். சாயங்காலம் நாங்கள் இருவரும் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு அவள் அறைக்குப் போனோம். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், திரும்பவே இல்லை.

நாலு பேருக்கும் சிறை. அடுத்த வருஷம் எங்கள் கல்யாணம். அக்கா தைத்த சட்டையைத்தான் போட்டுக்கொண்டேன். பிறகு வேறு ஊர், வேறு வேலை. தொடர்பு எப்போதாவது ஒரு போனோடு நின்றது.

போன மாதம் நீதிமன்றம் தடையை நீக்கியது. பெயர்களை மட்டும் இன்னும் வெளியிடக் கூடாது. என் பழைய பத்திரிகையின் இப்போதைய எடிட்டர் கூப்பிட்டு, அந்த நாட்களைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்றார். நானும் என் மனைவியும் நீதிமன்றத்துக்குப் போய்ச் சாட்சியத்தைப் படித்தோம்.

தகவல் கொடுத்த முக்கிய சாட்சி திரைக்குப் பின்னால் நின்று, குரலை மாற்றும் கருவியில் பேசியிருந்தார். பெயரையும் உறவையும் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள். ஏன் போலீசிடம் போனீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். "பாலத்தோட சேந்து அவனும் செத்துருவானோன்னுதான் மொதல்ல பயந்தேன். ரயில்ல வர்றவங்க நெனப்பு அப்புறந்தான் வந்துச்சு." பாதுகாப்பாக வேறு ஊருக்குப் போகிறீர்களா என்றதற்குப் பதில்: "ஊசிய விட்டுட்டு நூலு எங்க போகும்?"

என் மனைவி கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். தேதியைப் பார்த்தோம். அந்தக் காய்ச்சல் நாள்.

மறுநாளே அக்காவைப் பார்க்கப் போனோம். இப்போது சொந்தமாகச் சின்னக் கடை. விடுதலையான தம்பி, தலை நரைத்து, துணி வெட்டிக்கொண்டிருந்தான். அக்காவுக்கு எங்களைக் கண்டதும் கால் தரையில் பாவவில்லை. ஜலதோஷ வக்கீலைப் பற்றிப் பேசிப் பேசிச் சிரித்தோம். செய்தி எல்லாப் பேப்பரிலும் வந்திருந்தது. அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

தம்பி பஸ் நிறுத்தம் வரை கூட வந்தான்.

"படிச்சீங்களாண்ணே?"

தலையாட்டினேன்.

"நான் அன்னைக்கு உள்ளதான இருந்தேன். குரல மாத்தலாம், பேச்ச மாத்த முடியுமா? யாருன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு." சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஜெயில்ல ரொம்ப நாள் அது மூஞ்சியவே பாக்க மாட்டேன்னு இருந்தேன். அது பாட்டுக்கு வாராவாரம் வந்து உக்காந்துட்டுப் போச்சு. ஒருநாள் நானே போய் எதுத்தாப்புல உக்காந்தேன்."

"அக்காகிட்ட சொல்லலையா?"

"எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அது ஒடஞ்சு போயிரும்ணே. வேண்டாம்."

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்ததும் எடிட்டரைப் போனில் கூப்பிட்டு, கட்டுரை எழுத முடியாது என்றேன். சாட்சி யாரென்றாவது தெரியுமா என்றார். கதவுக்கு வெளியே இருந்தவனுக்கு என்ன தெரியும் என்று வைத்துவிட்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் என் மனைவி என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"அந்தக் கேசு இன்னும் கொஞ்ச நாள் நடந்திருக்கலாம். நாம மூணு பேரும் அந்தப் பெஞ்சுலயே இருந்திருப்போம்."

நாலு பேர் சிறைக்குப் போன வழக்கு. அதை அப்படி நினைக்கலாமா என்று தெரியவில்லை. ஆனால் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.