சலவைக் கடை ட்ராம்போன்

எங்கள் வாத்தியக் குழு உட்காரும் இடம், நாடக மேடைக்கு முன்னால் தோண்டிய ஒரு பள்ளம். எட்டுப் பேர் உட்காரக்கூடிய இடத்தில் பதினொரு பேர். என் ட்ராம்போனில் முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடுக் குழாயை நான் முழு நீளத்துக்கு நீட்டினால், அது முன்னால் இருக்கும் கிளாரினெட் அண்ணனின் பிடரியில் இடிக்கும். அந்தச் சுரம் வரும்போதெல்லாம் அவர் தானாகவே தலையைச் சாய்த்துக்கொள்வார். என் பகுதி என்னைவிட அவருக்குத்தான் நன்றாக மனப்பாடம்.

புதிய நாடகத்தின் மூன்றாவது ஒத்திகையில் பாடகி பாட்டை நடுவில் நிறுத்தினார்.

"மாஸ்டர், கீழேயிருந்து ஒரு லாரி வருது. அது போகட்டும், அப்புறம் பாடுறேன்."

பள்ளத்தில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் இசைத்தாளைப் பார்த்தேன்.

குழுவை நடத்தும் மாஸ்டர் இடைவேளையில் என்னிடம் வந்தார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்போம்மா. சத்தம் குறையலேன்னா உன் பகுதியைக் கீபோர்டுல வாசிக்கச் சொல்லிடுறேன். தப்பா எடுத்துக்காதே."

வேறு எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பகலில் நான் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே ஒரு நாளில் நான் பேசும் வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பேசாமலேயே பத்துப் பேரோடு சேர்ந்து இருக்க எனக்குக் கிடைத்த ஒரே இடம் அந்தப் பள்ளம்தான்.

என் கருவி பெரிய அரங்குகளுக்காகச் செய்தது, அகலக் குழாய். ஓர் அளவுக்குக் கீழே மெதுவாக ஊதினால் ஒலி நடுங்கி அறுந்துவிடும். அறுந்துவிடக் கூடாதென்று கொஞ்சம் கூடுதலாக ஊதுவேன். அந்தக் கொஞ்சம்தான் லாரி. கருவியின் வாயில் அடைப்பான் செருகிப் பார்த்தேன். லாரிக்கு ஜலதோஷம் பிடித்ததுபோல் இருந்தது, அவ்வளவுதான்.

எனக்குத் தேவை ஒல்லிக் குழாய். பழைய ட்ராம்போன்கள் பெரும்பாலும் ஒல்லிதான். அப்படி ஒன்று சித்தப்பாவின் சலவைக் கடையில் இருந்தது.

எப்போதோ ஒரு வாடிக்கையாளர் பேண்டு சீருடையோடு அதையும் கடையில் விட்டுப் போனவர், திரும்பி வரவே இல்லை. சித்தப்பா எதையும் வீணாக்க மாட்டார். ஸ்லைடின் வளைந்த முனையில் கம்பிக் கொக்கி ஒன்றைக் கட்டி, உயரத்தில் தொங்கும் சட்டைகளை எடுக்க அதை வைத்திருந்தார். கீழ் வரிசைக்கு ஸ்லைடைக் குறுக்குவார், மேல் வரிசைக்கு நீட்டுவார். முப்பது வருட அழுக்கு இறுகியிருந்ததால், வைத்த இடத்தில் அது அப்படியே நின்றது.

"சித்தப்பா, இது ட்ராம்போன்."

"தெரியும். அதுக்கென்ன இப்போ?"

"ஊதுறது."

"நீ ஊதிக்கிட்டு இரு. இங்க சட்டையை யார் எடுக்கிறது? உங்கப்பன் வருவானா?"

உள்ளே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த சித்தி குரல் கொடுத்தார். "குடுத்துத் தொலைங்களேன்! அந்தப் பொண்ணு வாயத் திறந்து கேக்குறதே வருஷத்துக்கு ஒரு தடவ."

"நான் மாட்டேன்னா சொன்னேன்? பதிலுக்கு ஒரு கொக்கிக் கழி வாங்கித் தரச் சொல்லு."

கழி வாங்கிக் கொடுத்தேன். கடையின் பின்கட்டிலேயே குழாய்களைக் கழுவித் துடைத்து, ஸ்லைடில் அம்மாவின் முகக் கிரீமைத் துளி தடவி, மேஜைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். அதற்குள் ஒரு வாடிக்கையாளர் வந்துவிட்டார். சித்தப்பா பழக்கதோஷத்தில் கழியை மறந்து ட்ராம்போனைத் தூக்கினார். அந்தப் பழைய கருவியில் ஸ்லைடுக்குப் பூட்டுக் கிடையாது. சரியும்போது கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஸ்லைடு வழுக்கிக்கொண்டு வந்து அவர் கால் கட்டைவிரலில் இறங்கியது.

"எடுத்துட்டுப் போ!" என்றார் சித்தப்பா, ஒற்றைக் காலில் நின்றபடி. "சட்டை எடுக்குற லட்சணமா இது?"

உதடு வைத்து ஊதும் என் மவுத்பீஸ் அதில் நுழையவில்லை. அதனுடைய சொந்த மவுத்பீஸ், திரவ சோப்பு ஊற்றும் புனலாக வேலை பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று முறை கொதிநீரில் போட்டும் எலுமிச்சை வாசனை போகவில்லை. மறுநாள் வேலையிடத்து வெர்னியர் அளவுகோலில் குழாயின் உள்விட்டத்தை அளந்தேன். என்னுடையதைவிட ஒன்றரை மில்லிமீட்டர் குறைவு. அந்த ஒன்றரை மில்லிமீட்டரில், பால் ஆற்றும் அளவு மூச்சுக்கே சுரம் நடுங்காமல் நின்றது.

வெள்ளிக்கிழமை வாசித்தேன். லாரி இல்லை. பாடகி முதல் வரியைப் பாடினார். இரண்டாவது வரியில் சுருதி கொஞ்சம் இறங்கியது. மூன்றாவது வரியில் அவர் வேறு பாட்டுக்கே போய்விட்டார்.

"நிறுத்துங்க," என்றார் பாடகி. பள்ளத்தை எட்டிப் பார்த்தார். "மாஸ்டர், அந்த லாரி எங்கே?"

"நீங்கதானே மேடம் வேண்டாம்னீங்க?"

"வேண்டாம்னுதான் சொன்னேன். ஆனா இப்ப என்னமோ சரியில்ல."

மாஸ்டர் குச்சியைக் கீழே வைத்தார். "இப்படியும் ஆகல, அப்படியும் ஆகல. கீபோர்டே வாசிக்கட்டும்மா."

நான் தாளைப் பார்த்தேன். பாட்டின் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு தாள அடி முன்னால், பாடகி தொடங்க வேண்டிய அதே சுரம் என் பகுதியில் இருந்தது. லாரி என்று திட்டிக்கொண்டே அவர் இத்தனை நாளும் அதில் ஏறித்தான் வந்திருக்கிறார். இதை எல்லார் முன்னாலும் சொன்னால் அவர் என்னை மன்னிக்க மாட்டார். சொல்லாவிட்டால் கீபோர்டு.

"மாஸ்டர்," என்றேன்.

கிளாரினெட் அண்ணன் திரும்பிப் பார்த்தார். பள்ளத்தில் என் குரலை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நான்... திரும்பி உட்காந்துக்கட்டுமா? மேடையைப் பார்த்து?"

"எதுக்கு?"

"ட்ராம்போன் சத்தம் வாய் பார்த்த பக்கம்தான் அதிகம் போகும். மேடம் பக்கம் திருப்பினா அவங்களுக்கு மட்டும் நல்லாக் கேக்கும். சபைக்கு அவ்வளவாக் கேக்காது."

பாடகி மேடை விளிம்புக்கு ஓர் அடி நெருங்கி வந்து நின்றார்.

நாற்காலியைத் திருப்பி, ட்ராம்போனின் வாயை அவரை நோக்கி நிமிர்த்தினேன். அகலக் குழாயை இப்படிப் பிடித்திருந்தால் அவர் பின்திரை வரை ஓடியிருப்பார். இது காதோரம் ரகசியம் சொல்வதுபோல் பேசியது. அவர் மூன்று வரிகளும் சரியாகப் பாடினார். நான்காவது வரியில் கண்களை மூடிக்கொண்டார்.

பாட்டு முடிந்ததும், "இந்தப் பொண்ணு இப்படியே உட்காரட்டும் மாஸ்டர்," என்றார்.

"அவ இப்படி உட்காந்தா என்னைப் பார்க்க முடியாதே மேடம். யாரைப் பார்த்து வாசிப்பா?"

கிளாரினெட் அண்ணன் எழுந்து வெளியே போனார். ஐந்து நிமிடம் கழித்து, தன் ஸ்கூட்டரின் இடதுபக்கக் கண்ணாடியைக் கழற்றி எடுத்து வந்து, என் தாள் தாங்கியில் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்.

"தெரியுதா பாரு."

தெரிந்தது. கண்ணாடிக்குள் மாஸ்டர் கட்டைவிரல் அளவுக்கு இருந்தார். அவருடைய குச்சி இடவலம் மாறி அசைந்தது. அந்த அளவில் அவரைப் பார்க்க எனக்குப் பயமே இல்லை. மூச்சை இழுத்துக்கொண்டு, "தயார் மாஸ்டர்," என்றேன்.