நாலு மணி விளக்கு

ராஜகுமாரி காலை நாலு மணிக்கு எழுந்துவிடுவாள். இதில் பொய் ஒன்றும் கிடையாது. அலாரம் அடித்ததும் கம்பளியை விலக்கி, செருப்பைத் தேடிக் காலில் மாட்டி, சமையலறைக்குப் போய் விளக்கைப் போடுவாள். அப்புறம் திரும்பி வந்து படுத்துக்கொள்வாள். அதற்குப் பிறகு என்ன செய்வாய் என்று யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

இந்தக் கூத்து ஒரு வருஷமாக நடக்கிறது. ஆரம்பித்து வைத்தது ஆயரம்மா, அதாவது காந்தல் சபை ஆயரின் மனைவி. போன ஜனவரியில், புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்த ஒரு நாளில், மாதர் சங்கக் கூட்டத்தில் அவர் சும்மா இருக்காமல் ஒரு கேள்வி கேட்டார்.

"நம்ம சங்கத்துல யாரெல்லாம் விடியறதுக்கு முன்னால எந்திரிச்சு ஜெபம் பண்றீங்க?"

ஊட்டிக் குளிரில் கேட்கிற கேள்வியா இது? பெண்கள் எல்லாரும் சால்வை நுனியைப் பார்த்தார்கள். ராஜகுமாரியும் பார்த்திருக்கலாம். ஆனால் அவள் சங்கத்தின் செயலாளர். வாய் முந்திக்கொண்டது.

"நான் நாலு மணிக்கே எந்திரிச்சுருவனுங்கம்மா."

"அப்படியா? எங்க சமையல்கட்டு ஜன்னல்ல நின்னா எதுத்த சரிவுல உங்க ஊடு நேராத் தெரியுமே. நாளைக்குப் பாக்கறேன்" என்றார் ஆயரம்மா, உண்மையான சந்தோஷத்தோடு.

ராஜகுமாரி அன்று ராத்திரியே அலாரம் வைத்தாள். மறுநாள் நாலு மணிக்கு விளக்கு எரிந்தது. அடுத்த கூட்டத்தில் ஆயரம்மா எழுந்து, அத்தனை இருட்டில் அந்த ஒரு ஜன்னலைப் பார்த்ததும் தன் கண் கலங்கிவிட்டது என்றார். அதோடு விட்டாரா? அடுத்த வாரமே ஆயர் வீட்டு ஜன்னலிலும் நாலு மணிக்கு வெளிச்சம் வந்தது. அதைப் பார்த்த பிறகு மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? உயிர்த்தெழுந்த பண்டிகைக்குள் அந்தச் சரிவிலும் எதிர்ச் சரிவிலுமாகப் பதினோரு சமையலறைகள் நாலு மணிக்கு ஒளிவீசின. எத்தனை பேர் விளக்கடியில் உட்கார்ந்திருந்தார்கள் என்பது கர்த்தருக்கே வெளிச்சம்.

ராஜகுமாரியின் கணவர் தங்கையா, ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். அதிகம் பேச மாட்டார், பேசினால் தைக்கும்.

"நம்ம ஊட்ல அந்த பல்பு ஒண்ணுதான் ஜெபம் பண்ணுது" என்றார் ஒரு நாள்.

"கேலி பண்ணுங்க. கேடயம் வந்தா நீங்கதான் ஃபோட்டோ புடிச்சு உங்க தங்கச்சிக்கு அனுப்புவீங்க."

கேடயம் என்பது குணசாலி கேடயம். வருஷா வருஷம் பெண்கள் ஞாயிறன்று சங்கத்தில் ஒருத்திக்குக் கொடுப்பார்கள். சிவப்பு வெல்வெட் ஒட்டிய பலகை, நடுவில் பித்தளைத் தகடு, தகட்டில் பெயர். அதற்காக ராஜகுமாரி ஷோகேஸில் நடுத்தட்டைக் காலி செய்து வைத்து மூன்று வருஷமாகிறது. சிரிக்காதீர்கள். அவள் சோம்பேறி இல்லை. ஆறரைக்கு எழுந்தால் இரவு பத்து வரைக்கும் சமையல், துவையல், மாமியார் இருந்தவரை அவருக்கு மருந்து, பிள்ளைகள் பெங்களூர் போகும்வரை அவர்களுக்கு டிபன் டப்பா என்று இருபத்தாறு வருஷம் ஓடியாகிவிட்டது. ஒருத்தர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. அத்தனைக்கும் சேர்த்து ஒரு பித்தளைத் தகடாவது வேண்டாமா? பசித்தவன் சோற்றைக் கேட்பது போலத்தான் அவள் அதைக் கேட்டாள்.

இந்த வருஷம் கேடயம் அவளுக்குத்தான் என்று சங்கத்தில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். போட்டிக்கு ஆளே இல்லை. அதே தெருக் கடைசியில் இருக்கிற சரிதாவை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அவள் புருஷன் சுஜித்துக்கு வெளியூரில் வேலை. அவள் ஆம்னி வண்டியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பாட்டு முடிந்த பிறகுதான் கோயிலுக்குள் வருவாள். அவள் வீட்டு ஜன்னல் ஏழு மணி வரைக்கும் கன்னங்கரேலென்று இருக்கும். "அந்தப் புள்ளைக்காக ஜெபிக்கணும்" என்று ராஜகுமாரியே இரண்டு தடவை கூட்டத்தில் சொல்லியிருக்கிறாள்.

பெண்கள் ஞாயிறுக்குப் பத்து நாள் இருந்தது. ஒரு வியாழக்கிழமை ராஜகுமாரி வழக்கம்போல விளக்கைப் போட்டுவிட்டு வந்து, கம்பளிக்குள் காலை மடக்கினாள். சூடு ஏறிவருகிற நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

"ஏனுங்கம்மா, நானுங்க, கருப்பம்மா. மனிஷாவுக்கு வலி வந்துருச்சுங்க. ஆம்புலன்ஸு வர ஒரு மணி நேரம் ஆகும்ங்கறாங்க. ஐயாவக் கார் எடுக்கச் சொல்லுங்கம்மா."

கருப்பம்மாள் கீழ் வரிசையில் குடியிருப்பவள். மனிஷா அவள் மகள், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். இதெல்லாம் ராஜகுமாரிக்குத் தெரியும். அதைவிட நன்றாகத் தெரிந்தது இன்னொன்று. கருப்பம்மாள் பாத்திரம் தேய்ப்பது ஆயரம்மா வீட்டில்.

ராஜகுமாரி தன்னைப் பார்த்துக்கொண்டாள். நைட்டி, அதன்மேல் தங்கையாவின் பழைய ஸ்வெட்டர், காதுவரை இழுத்த குரங்குக் குல்லா. தொட்டுப் பார்த்தால் கன்னத்தில் தலையணைக் கோடு. இந்தக் கோலத்தில் போய்க் கதவைத் திறந்தால் எட்டு மணிக்குள் ஆயரம்மா காதுக்கு எல்லாம் போய்விடும்.

தங்கையா எழுந்து கார் சாவியை எடுத்துவிட்டார்.

"எங்க போறீங்க? நீங்க இந்த லுங்கியோட போயி நின்னா, ரெண்டு பேரும் தூங்குனமுன்னு ஆகாதா? ரெண்டு நிமிஷம் இருங்க."

"வலியில இருக்குது அந்தப் புள்ள."

"ரெண்டே நிமிஷம்ங்கறேன்ல."

இருபத்தாறு வருஷப் பழக்கம். அந்த மனிதர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

ராஜகுமாரி குல்லாயைக் கழற்றி எறிந்தாள். குழாய்த் தண்ணீரை முகத்தில் அடித்தபோது பல்லெல்லாம் கிட்டிப்போனது. கொக்கியில் தொங்கிய சேலையை உருவிக் கட்டினாள். கொசுவம் நிற்கவில்லை, இரண்டு தடவை வைத்தாள். வேதப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்துச் சமையலறை மேசையில் விரித்துப் போட்டாள். வெறும் புத்தகம் போதவில்லை என்று தோன்ற, மூக்குக் கண்ணாடியை அதன்மேல் வைத்தாள். முந்தானையில் ஊக்குக் குத்தும்போதுதான் வெளியே சத்தம் நின்றுபோனது தெரிந்தது.

கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. வாசற்படியில் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது, அதில் கருப்பம்மாளின் காலடி வந்து திரும்பியிருந்தது. தங்கையா அவளைத் தாண்டிக்கொண்டு ஓடினார். குளிரில் கார் கிளம்புவதற்கே அரை மணி நேரம் எடுத்தது. அவர் சாலைக்கு ஏறியபோது தெருக்கோடியில் ஆம்னியின் சிவப்பு விளக்குகள் வளைவு திரும்பிக்கொண்டிருந்தன.

"சரிதா கூட்டிட்டுப் போயிருச்சு" என்று சொல்லிவிட்டுச் சாவியை மேசையில் போட்டார், விரித்திருந்த வேதப் புத்தகத்துக்குப் பக்கத்தில்.

ராஜகுமாரிக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா, யாரும் பார்க்கவில்லை. அந்த நிம்மதியை நினைத்து உடனே அவளுக்கே தன்மேல் அருவருப்பு வந்தது. கண்ணீர்கூட வந்தது. ஆனால் ஏழு மணிக்குப் பால் பொங்கியபோது அதுவும் அடங்கிவிட்டது.

எட்டரை மணிக்குச் சபை வாட்ஸ்அப் குழுவில் ஆயரம்மா செய்தி போட்டார். 'கருப்பம்மாள் மகளுக்கு ஆண் குழந்தை. தாயும் சேயும் சுகம். ஜெபித்த யாவருக்கும் நன்றி.' விளக்கெரித்த அத்தனை பேரும் கூப்பிய கைகளைப் போட்டார்கள். வண்டி ஓட்டியவள் ஒன்றும் போடவில்லை. அவள் இரண்டாம் நடைப் பிள்ளைகளை ஏற்றப் போயிருந்தாள்.

பெண்கள் ஞாயிறு வந்தது. ராஜகுமாரி வெள்ளைப் பட்டு கட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பிரசங்கம் முடிந்ததும் பின்னாலிருந்து கருப்பம்மாள் வந்தாள், கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் மிட்டாய்ப் பொட்டலமுமாக. பேரன் பிறந்த சந்தோஷத்தில் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்றாள். ஆயர் மைக்கைக் கொடுத்தார். கொடுத்திருக்கக் கூடாது.

"எங்களுக்கு உங்க சாமியப் பத்தி ஒண்ணுந் தெரியாதுங்க" என்று ஆரம்பித்தாள் கருப்பம்மாள். "அன்னிக்கு இருட்டுல என்ன பண்றதுன்னு தெரியாம வெளிய வந்து பாத்தா, எங்க பாத்தாலும் வெளக்கு. முழிச்சிருக்கறவங்க ஊட்டத்தான் தட்டோணும், தூங்கறவங்கள எதுக்கு எழுப்போணும்னு ராஜகுமாரியம்மா ஊட்டுக்குப் போனனுங்க. தொறக்கல. அப்பறம் நாலு ஊடு. கடைசியா நம்ம ஆயரம்மா ஊடு. ஒருத்தருந் தொறக்கலீங்க."

விளக்கெரித்தவர்கள் எல்லாரும் பாட்டுப் புத்தகத்தில் எதையோ தேடினார்கள். ஆயரம்மாவும் தேடினார். ராஜகுமாரி தலை நிமிர்ந்து அதைப் பார்த்துவிட்டாள். அடப்பாவமே, அவருமா! ஒரு வருஷமாக இரண்டு சமையலறைகள் மட்டும் ஒன்றையொன்று பார்த்து முழித்துக்கொண்டிருந்திருக்கின்றன, இரண்டு பொம்பளைகளும் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறார்கள்.

"அப்பறந்தானுங்க எனக்குப் புரிஞ்சுது" என்றாள் கருப்பம்மாள். "கதவத் தட்டறதுகூடக் காதுல உழுகாத அளவுக்கு ஜெபத்துல இருந்திருக்கீங்க. அந்த ஜெபந்தானுங்க எம் புள்ளையக் காப்பாத்துச்சு. தூங்கிட்டிருந்த சரிதாம்மாவை எழுப்பி உட்டதும் அதுதானுங்க."

அவள் முகத்தில் கேலி ஒரு துளி இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

கேடயத்தை ராஜகுமாரிக்குக் கொடுத்தார்கள். வேறு யாருக்குக் கொடுப்பது? சரிதாவுக்குக் கொடுத்தால் மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்ற கேள்வி வரும். "கதவு தட்டுவதே கேட்காத அளவுக்குத் தியானத்தில் மூழ்கிய சகோதரி" என்று ஆயரம்மா மைக்கில் சொன்னார். கேடயத்தைக் கைமாற்றும்போது இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

வெளிவாசலில் சரிதா வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, கேடயம் கனமா இருக்குதா? வேணும்னா வண்டில வெச்சுக்கங்க, ஊட்ல எறக்கி உட்டுர்றேன்."

"வேண்டாம் சரிதா. எங்க ஊட்டுக்காரரு கார் எடுத்துட்டு வர்றாரு."

"வருமுங்களா? குளுர்ல ஸ்டார்ட் ஆகாதேக்கா அது" என்று சொல்லிவிட்டுத் துணியைப் பிழிந்தாள்.

அன்றிரவு ராஜகுமாரி கேடயத்தை நடுத்தட்டில் வைத்துவிட்டு ஒரு முடிவு எடுத்தாள். இனிமேல் விளக்கும் வேண்டாம், அலாரமும் வேண்டாம். கிடைக்க வேண்டியது கிடைத்தாகிவிட்டது. யாராவது கேட்டால் உள்ளறையில் இருட்டில் ஜெபிக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை நாலு மணிக்கு, பழக்க தோஷத்தில் விழிப்பு வந்தது. அசையாமல் படுத்திருந்தாள். வாசலில் குசுகுசுவென்று பேச்சுச் சத்தம் கேட்டது. தங்கையா திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார்.

"எட்டுப் பேர் நிக்கறாங்க. கைக்கொழந்தையோட ஒரு பொண்ணு வேற."

கருப்பம்மாளின் குரல் தாழ்வாக ஒலித்தது. "இன்னும் வெளக்குப் போடலீங்க. இப்பப் போட்டுருவாங்க. போட்டதும் யாருந் தட்டிராதீங்க, ஜெபம் கலைஞ்சுரும். முடிச்சுட்டு அவங்களே வந்து கொழந்தை தலைல கை வெப்பாங்க."

ராஜகுமாரி வேறு வழியில்லாமல் போய் விளக்கைப் போட்டாள். வெளியே ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது. இப்போது என்ன செய்வது? உடனே திறந்தால், இரண்டு நிமிஷத்தில் முடிகிற ஜெபமா இது? ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் அத்தனை பேரும் விறைத்துப்போவார்கள். கொஞ்சமும் மானம் போகாமல் எத்தனை நிமிஷத்தில் கதவைத் திறக்கலாம்? அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அவள் கண்ணை மூடினாள். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக, அந்த விளக்கின் அடியில், நாலு மணிக்கு, நெஞ்சார ஒரு ஜெபம் வந்தது.

"ஆண்டவரே, இவங்களை ஊட்டுக்கு அனுப்பி வையும்."

வெளியே குழந்தை இருமியது. யாரும் போகவில்லை.

ராஜகுமாரி கொக்கியில் தொங்கிய சேலையை எடுத்தாள். ஸ்வெட்டருக்கு மேலேயே சுற்றிக் கொசுவம் வைக்கத் தொடங்கினாள். குழந்தை மறுபடியும் இருமியது, இந்தத் தடவை நிற்காமல். தங்கையா படுக்கையறையிலிருந்து லுங்கியோடு வந்தார், அவளைத் தாண்டிப் போனார், கதவை அகலத் திறந்தார்.

"உள்ள வாங்க எல்லாரும். குளுருது."

எட்டுப் பேரும் சமையலறை வெளிச்சத்துக்குள் வந்தார்கள். தலையில் குல்லாயும், கன்னத்தில் தலையணைக் கோடும், கையில் பாதிக் கொசுவமுமாக ராஜகுமாரி நின்றாள். மேசை வெறுமையாக இருந்தது. கருப்பம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள், குல்லாயைப் பார்த்தாள், கையிலிருந்த கொசுவத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து ஏதோ ஒன்று மெல்லக் கழன்று போனது. கோபம்கூட வரவில்லை.

"அன்னிக்கும் இப்படியே வந்து தொறந்திருக்கலாமுங்களே அம்மா" என்றாள்.