மூக்கு மாஸ்டரின் கொத்துக்கறி

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துக் கேட்டால் எனக்குத்தான் அவமானம். இந்தக் கதை எந்தப் பெரிய சிந்தனையிலும் பிறக்கவில்லை. எங்கள் வீட்டு அடுப்படியில், கொத்துக்கறியைப் பையிலிருந்து சட்டியில் கொட்டியபோது பிறந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். நன்றாக இருக்கிறது என்று தோன்றியது. மறுபடி முகர்ந்தேன். ஏதோ ஒரு மாதிரி இருக்கிறது என்று தோன்றியது. அதற்குப் பிறகு முகர்ந்தபோது கறி வாசம் எது, கை வாசம் எது, சட்டி வாசம் எது என்றே பிடிபடவில்லை.

"அக்கா, இதைக் கொஞ்சம் மோந்து பாரேன்."

அக்கா ஈரத்தலையில் துண்டோடு வந்தாள். ஒரே ஒரு தடவை முகர்ந்தாள். "நல்லாத்தான்டா இருக்கு. கறியைப் பார்த்துக்கூடவா ஒருத்தன் பயப்படுவான்?" என்று போய்விட்டாள்.

சமைத்தோம், சாப்பிட்டோம், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கிண்டிக்கொண்டிருந்தபோது ஒரு கேள்வி வந்து ஒட்டிக்கொண்டது. கூப்பிட அக்காவும் இல்லாமல், முகர மூக்கும் இல்லாமல் ஒருவன் இதே சட்டிக்கு முன்னால் நின்றால் என்ன செய்வான்? சாப்பாடு செரித்துவிட்டது, கேள்வி செரிக்கவில்லை.

2

தொடக்கங்கள்.

"மாலை வெயில் ஜன்னல் வழியாகச் சமையலறையில் விழுந்துகொண்டிருந்தபோது மாஸ்டர் கத்தியை எடுத்து—"

[அடித்துவிட்டேன். வெயில் எந்தக் கதையில்தான் விழவில்லை?]

"மாஸ்டருக்கு மூக்கு போய்விட்டது."

[இதுவும் வேண்டாம். யாரோ அறுத்துவிட்ட மாதிரி இருக்கிறது. மூக்கு முகத்தில் பத்திரமாகத்தான் இருக்கிறது. வாசனைதான் போய்விட்டது.]

சரி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அவர் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் தலைமைச் சமையல்காரர். மூக்கு மாஸ்டர் என்றால்தான் அங்கே தெரியும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "உள்ளே எவன்டா பழைய எண்ணெயை ஊத்தினது?" என்று கத்துவார். ஊற்றியவன் அகப்பட்டுக்கொள்வான். காய்கறிக்காரர் அவர் வரும் நேரம் பார்த்துத்தான் அழுகின வெங்காயத்தை மூட்டைக்கு அடியிலிருந்து எடுத்து ஒளித்துவைப்பார்.

மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது, போனது. போகும்போது வாசனையையும் கையோடு கொண்டுபோய்விட்டது. வெங்காயம் வதங்குகிறது, அவருக்குச் சினிமாவில் பார்ப்பது போல் இருக்கிறது. நாக்கில் உப்பு தெரிகிறது, உறைப்பு தெரிகிறது. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடமும் போகவில்லை, தொழிற்சாலை டாக்டரே கேன்டீனில்தான் சாப்பிடுகிறார்.* பதிலாக ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். பக்கத்து அடுப்பில் நிற்கும் சமையல்காரரைக் கூப்பிட்டு, "நீங்க சொல்லுங்க, இதுல என்ன குறையுது?" என்று கேட்பார். அந்த மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. "மாஸ்டர் இப்பல்லாம் என்னைக் கேக்காம எதையும் இறக்குறதில்ல" என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிகிறார். தன் மூக்கைத்தான் மாஸ்டர் இரவல் வாங்குகிறார் என்று அவருக்குத் தெரியாது.

ஊரே சாப்பிடுகிற சட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. வெளியே தெரிந்தால் அன்றைக்கே வேலை போகும். அதுவும் நியாயம்தான் என்று அவருக்கே தெரியும், அதுதான் அவரை அதிகமாக அரித்தது.

* அந்த டாக்டர் இந்தக் கதையில் வரமாட்டார். ஒரு வரிக்கு மேல் அவருக்குத் தகுதியில்லை.

3

இனி, மாஸ்டருக்கு விடுமுறையான ஒரு நாள்.

மகள் வெளியூரில் வேலை பார்க்கிறாள், விடுதியில் இருக்கிறாள். இன்று வருகிறாள். "அப்பா, அந்தக் காய் போட்ட கொத்துக்கறி செஞ்சு வைங்க. இங்க போடுறதைச் சாப்பிட்டுச் சாப்பிட்டு எனக்கு நாக்கே செத்துப்போச்சு" என்று போனில் சொல்லியிருந்தாள். நாக்கு செத்துப்போச்சு என்று அவள் சொன்னபோது அவர் சிரித்தார், சிரித்துவிட்டுப் போனை வைத்தார்.

[மகள் கர்ப்பமாக இருக்கட்டுமா? வேண்டாம். பிள்ளைத்தாய்ச்சியைக் காட்டி வாசகரைப் பயமுறுத்துவது மட்டமான வேலை. அவள் சாதாரணமாகப் பசியோடு வருகிறாள், அது போதும்.]

மனைவி சட்டை தைக்கும் கம்பெனியில் மேற்பார்வை பார்க்கிறவர். காலையில் கறி வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். மாஸ்டர் மத்தியானம் காய் வாங்கக் கிளம்பினார். இங்கேதான் தப்பு நடந்தது, ஒரு கேன்டீன்காரனுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு. அங்கே கடைசியாக வெளியே போகிறவர் கதவோரச் சுவிட்சு வரிசையை உள்ளங்கையால் ஒரே இழுப்பில் அணைப்பது வழக்கம். அது கையில் ஊறிப்போன பழக்கம். வீட்டுக் கதவருகிலும் ஒரு வரிசை இருக்கிறது. கை அதுவாகப் போனது, ஒரே இழுப்பு. விளக்கு, மின்விசிறி, கூடவே ஃப்ரிட்ஜ்.

காய் வாங்கினவர் முடி வெட்டிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தார். அங்கே கூட்டம். சாயங்காலம் திரும்பி வந்தபோது வீடு ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்தார். உள்ளே விளக்கு எரியவில்லை. ஐஸ் தட்டில் தண்ணீர் நின்றது.

கறியைத் தொட்டார். ஜில்லென்றும் இல்லை, வெதுவெதுப்பாகவும் இல்லை. நிறம் மேலே கொஞ்சம் கறுத்திருந்தது, ஆனால் காலையில் வெட்டி வைத்த கறி அப்படித்தான் கறுக்கும். குனிந்து முகர்ந்தார். ஆழமாக இழுத்தார். பழக்க தோஷம். வெறும் காற்றுதான் உள்ளே போனது.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

4

இந்த இடம்வரை எழுதி அக்காவிடம் படித்துக்காட்டினேன்.

"தூக்கிப் போட்டுட வேண்டியதுதானே?" என்றாள். "நாறிப்போச்சு, கொட்டிட்டேன்னு சொன்னா முடிஞ்சுது."

"அவர் மனைவி குப்பைக்கூடையைத் திறந்து பார்ப்பாங்கக்கா. கறி நல்லா இருந்தா? மூக்கு மாஸ்டர் நல்ல கறியையா கொட்டினார்னு கேள்வி வரும்."

"சரி, அப்படியே சமைச்சா?"

"கெட்டுப்போயிருந்தா எல்லாரும் படுத்துடுவாங்க."

"இருதலைக்கொள்ளி எறும்பு."

"ஆமா."

அக்கா கொஞ்சம் யோசித்தாள். பிறகு என் கதையின் அடிமடியிலேயே கை வைத்தாள். "அது சரி, பொண்டாட்டிக்குத் தெரியாதுன்னு எழுதியிருக்கியே, நீ எந்த உலகத்துல இருக்கே? ஒரே வீட்டுல படுத்து எந்திரிக்கிறவளுக்குத் தெரியாமலா இருக்கும்? கல்யாணம் ஆகாதவன் கதை எழுதினா இப்படித்தான்."

கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னது சரி. ஆகவே இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: மனைவிக்குத் தெரியும். ஒருநாள் பால் அடிப்பிடித்து வீடெல்லாம் புகை நாற்றம். மனைவி குளியலறையிலிருந்து ஓடிவந்தார். அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மாஸ்டர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், புரிந்துவிட்டது. மனைவி வாயைத் திறக்கவில்லை. கேட்டால் மனுஷன் உடைந்துபோவார், தானாகச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார். அன்றிலிருந்து வேலைக்குப் போவதற்கு முன் பால், எண்ணெய், கறி, மிஞ்சின குழம்பு எல்லாவற்றையும் ஒருமுறை முகர்ந்துவிட்டுத்தான் போகிறார்.

இன்று காலையும் கறியை முகர்ந்துதான் வைத்தார். நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு நடந்தது அவருக்குத் தெரியாது.

[அக்கா கெடுத்துவிட்டாள். இதற்கு முன்னால் நான் ஒரு ஆளுக்காகத்தான் பயந்துகொண்டிருந்தேன். இப்போது இரண்டு பேருக்காகப் பயப்பட வேண்டியிருக்கிறது.]

5

அவர் சமைக்கத் தொடங்கிவிட்டார்.

நான் சொல்லவில்லை. அடுத்த பத்தியில் கடைக்கு அனுப்பலாம், முட்டை வாங்கி வரச் சொல்லலாம் என்றுதான் வைத்திருந்தேன். அதற்குள் அவர் வாணலியை ஏற்றிவிட்டார். பயந்த மனிதனுக்குக் கைவேலை வேண்டும், அதைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை.

வாசனை போனபிறகு காதால் சமைக்கப் பழகியிருந்தார். வெங்காயம் முதலில் சடசடவென்று கத்தும், தண்ணீர் வற்றினால் குரல் தாழும், அப்போது பூண்டைப் போட வேண்டும். கறியைப் போட்டதும் அது தண்ணீர் விட்டுக் குழைந்து குமுறும், சாம்பல் நிறமாகும். அங்கே அவசரப்படுகிறவன் கெட்டான். தண்ணீர் முழுக்கச் சுண்டி, கொழுப்பில் கறி பொரிகிற சத்தம் கேட்கவேண்டும். கேட்டது. பொடியாக நறுக்கிய கேரட், பீன்ஸ், பட்டாணி, உருளைக்கிழங்கு எல்லாம் உள்ளே போயின. மிளகுத்தூளை வழக்கத்தைவிடத் தாராளமாகத் தூவினார். ஏன் என்று அவரையே கேட்டால் சொல்லமாட்டார், நான் சொல்கிறேன்: நாற்றம் இருந்தால் மூடிக்கொள்ளட்டும் என்று. சந்தேகம் வந்தால் சட்டியோடு கொட்டு என்று கேன்டீனில் மற்றவர்களுக்குச் சொல்கிற வாய் அது.

வேகட்டும், நன்றாக வேகட்டும், நெருப்பில் எல்லாம் செத்துவிடும் என்று சொல்லிக்கொண்டார். எல்லாம் சாகாது என்றும் தெரியும்.

போன் அடித்தது. மனைவி, பஸ்ஸிலிருந்து.

"என்னங்க, கறி வெச்சாச்சா?"

"ம், வெந்துக்கிட்டிருக்கு."

"எப்படி வந்திருக்கு?"

இங்கே அவருக்கு நான் ஒரு நல்ல வாய்ப்புக் கொடுத்தேன். தனியாக இருக்கிறார், முகம் பார்க்க வேண்டாம், போனில் சொல்லிவிடலாம். சொல்லித் தொலையுங்கள் மாஸ்டர் என்று நானே கெஞ்சினேன்.

"வாசனை தெருவையே தூக்குது" என்றார்.

மறுமுனையில் பஸ் சத்தம் மட்டும் கேட்டது. மனைவிக்கு அழுகை வந்தது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூக்கில்லாத மனிதர் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! பிறகு எதையோ உணர்ந்த மாதிரி, "நான் வர்ற வரைக்கும் யாருக்கும் போடாதீங்க" என்றார்.

"ஏன்?"

"சும்மாதான். சேர்ந்து சாப்பிடலாம்னு."

அந்தக் "சும்மாதான்" மாஸ்டருக்குச் சரியாகப் படவில்லை. போன் கையிலேயே இருந்தது.

6

முடிவுகளை யோசித்துவைத்திருக்கிறேன். வாசித்துப் பாருங்கள்.

ஒன்று: கறி கெட்டிருக்கிறது. இரவெல்லாம் மகளுக்கு வாந்தி. மாஸ்டர் ஆஸ்பத்திரி நாற்காலியில் தலையில் கை வைத்து— [முடியாது. என்னால் இதை எழுத முடியாது.]

இன்னொன்று: கறி நன்றாக இருக்கிறது. எல்லோரும் சாப்பிடுகிறார்கள், விரலைச் சூப்புகிறார்கள். யாருக்கும் எதுவும் தெரியாது. மறுநாள் அவர் கேன்டீனுக்குப் போய் அண்டாவை ஏற்றுகிறார். முதலில் இதைத்தான் சுப முடிவு என்று நினைத்தேன். யோசிக்க யோசிக்க இதுதான் என்னை அதிகமாக நடுக்குகிறது. இன்று தப்பித்த ஆள் நாளைக்கும் தப்பிக்கலாம் என்றுதானே நினைப்பார்?

மூன்றாவதாக மனைவி வந்து, முகர்ந்து பார்த்து, தனக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லி, அவர் தோளில் சாய்ந்து அழுவதாக ஒன்று. அக்காவுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. ஆனால் மனைவியின் பஸ் நெரிசலில் நிற்கிறது, வாசலில் மணி அடிக்கிறது, வந்திருப்பது மகள்.

7

"அப்பா, பசி உயிர் போகுது!"

பையைச் சோபாவில் எறிந்தாள். நேராக அடுப்படிக்கு வந்தாள். மூடியைத் திறந்து, "அடேங்கப்பா, எவ்வளவு காய்!" என்றாள். தட்டை எடுத்து ரொட்டி இரண்டு வைத்து, கறியைத் தானே அள்ளிக்கொண்டாள்.

"அம்மா வரட்டும் பாப்பா" என்றார் மாஸ்டர்.

"அம்மா வந்தா இன்னொரு ரவுண்டு சாப்பிடுவேன். முடி வெட்டியிருக்கீங்களா? நல்லா இருக்கு. பத்து வயசு குறைஞ்சாச்சு."

அவளுக்கு ஜலதோஷம், வழியெல்லாம் தும்மிக்கொண்டு வந்தாள் என்று எழுதி— [இல்லை. அது ஏமாற்று வேலை. அவள் மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தட்டைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறாள், பசியில் இருக்கிறவள் முகர்ந்து பார்த்தா சாப்பிடுகிறாள்? அதுவும் அப்பா சமைத்ததை?]

ரொட்டியைக் கிழித்தாள். கறியை வாரினாள். கை தட்டிலிருந்து மேலே வருகிறது. நான் இந்த வாக்கியத்தை இழுத்துக்கொண்டே போகிறேன், முற்றுப்புள்ளி வைத்தால் அது வாய்க்குள் போய்விடும் என்று பயமாக இருக்கிறது, கேரட் துண்டு ஒன்று நழுவித் தட்டில் விழுகிறது, அவள் அதையும் எடுக்கிறாள், எடுத்து

மாஸ்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

நான் எழுதியதல்ல இது. அவராகவே பிடித்தார்.

"சாப்பிடாதே பாப்பா."

"ஏம்ப்பா? அடிப்பிடிச்சிருச்சா?"

"தெரியலம்மா. அடிப்பிடிச்சிருந்தாலும் எனக்குத் தெரியாது."

அவள் சிரிக்கப் போனாள். அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"காய்ச்சல் வந்துச்சுல்ல, அதிலேர்ந்து ஒரு வாசனையும் இல்ல. உங்கம்மாகிட்டகூடச் சொல்லல. இன்னைக்கு ஃப்ரிட்ஜை வேற அணைச்சுட்டுப் போயிட்டேன். இந்தக் கறி நல்லாயிருக்கா, கெட்டுப்போச்சான்னு எனக்குத் தெரியல. மூக்கு மாஸ்டராம், மூக்கு மாஸ்டர்! பெத்த பிள்ளைக்குப் போடுறதை முகர்ந்து பார்க்கத் துப்பில்ல."

மகள் கையில் இருந்ததைத் தட்டில் வைத்தாள். தட்டை இரண்டு கையாலும் தூக்கி, குனிந்து, மூக்கருகே கொண்டுபோனாள். மெதுவாக, ஆழமாக இழுத்தாள்.

மாஸ்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். எனக்கும் அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை, பேனாவை வைத்துவிட்டேன். இந்தச் சமையலறையில் இப்போது நீங்கள் ஒருவர்தான் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். அவள் முகத்தில் என்ன தெரிகிறது? அவரிடம் சொல்லுங்கள், காத்துக்கொண்டிருக்கிறார்.