பேருந்து திரும்பும் இடத்தில் விழுந்த குழி

2022 மார்ச் 31 காலை, கொல்லிமலையில் அரியூர் நாடு ஊராட்சியை ஒட்டிய ஒரு சிற்றூரில், ஊராட்சி அலுவலக வாசலில் பேருந்து திரும்பும் இடத்தில், முழங்கால் ஆழக் குழி ஒன்று இருந்தது. அந்த ஆண்டு ஊராட்சியின் செலவு வரவை மிஞ்சியிருந்தது. சேந்தமங்கலத்து ஜாபர் உசேன் தன் லாரியில் செம்மண் கொண்டுவந்து கொட்டினார். மண் மறைந்தது, குழி இருந்தது. யாராவது வீட்டு வரி கட்டினால் மட்டும் அடித்தரை கொஞ்சம் மேலே வந்தது; ஊராட்சி செலவு செய்தால் இறங்கியது. பேருந்து கீழ் வளைவோடு திரும்பிவிட, மக்கள் மூட்டை சுமந்து ஏறினார்கள்.

உடனே மூட வேண்டும் என்றவர், பைக்கோடு அதில் விழுந்த வெங்கிடுசாமி. மலையின் அந்தப் பக்கத்துக்கு மட்டும் மழை வராத ஆண்டு அது. தலைவர் அம்சவேணி அவர் பேச்சைக் கேட்டு, செலவில் பெரியதான குடிநீர் மோட்டாரை நிறுத்தினார். அடித்தரை ஒரு சாண் உயர்ந்தது, ஊர் கைதட்டியது. பிறகு குடிக்கத் தண்ணீரில்லாமல் பாதிக் குடும்பங்கள் பேளுக்குறிச்சிப் பக்கம் கூலிக்கு இறங்கின. ஆளில்லாத தோட்டங்களில் மிளகுக் கொடிகள் காய்ந்தன. வரி கட்ட யாருமில்லை. குழியின் ஆழம் ஆளுயரம் தாண்டியது.

அம்சவேணி மோட்டாரைத் திரும்பப் போட்டார். வெங்கிடுசாமி தினமும் கயிற்றில் கல் கட்டி இறக்கி ஆழம் பார்த்தார்.

“ஏனுங்க தலைவரம்மா, தென்னமர ஆழமாயிப் போச்சுங்க. அடுத்த தேர்தல்ல உங்க டெபாசிட்டும் இதுக்குள்ளதான் போவும்.”

“போவட்டுமுங்க மாமா. ஊட்ல தண்ணி வருதுங்களா?”

“அது வருதுங்க.”

தண்ணீர் வந்ததால் போனவர்கள் திரும்பினார்கள், கொடி நட்டார்கள். மழையும் வந்தது. 2024இல் மிளகுக்கு நல்ல விலை. மரவள்ளி லாரி லாரியாக இறங்கியது. வரி கேட்காமலே வந்தது. இப்போது வெங்கிடுசாமிக்கு ஊர் முகப்பில் அலங்கார வளைவு வேண்டியிருந்தது.

“குழி பாட்டுக்குக் கெடக்குதுங்க, பழகிப் போச்சு.”

“காஞ்சு கெடந்தப்ப மூடச் சொன்னீங்க. கையில இருக்கறப்ப வளைவுங்கறீங்க. இப்பத்தானுங்க மாமா மூடற நேரம்.”

அந்த ஆண்டு ஊராட்சி புதிதாக எதுவும் கட்டவில்லை. அடித்தரை மாதாமாதம் மேலே வந்தது. இப்போது ஒரு விரல் ஆழம் மிச்சமிருக்கிறது. காலைப் பேருந்தின் ஓட்டுநர் அதன்மேல் மெதுவாக ஏற்றித் திருப்புகிறார்.