பதினோரு வரிக்கும் பூஜ்யம்

திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கு சர்வர் அக்கா குளிர் அறைக்குள் நுழைந்தாள். கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த, யாரோ விட்டுப்போன ஆண்கள் ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். அந்த மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு நாற்காலி கிடையாது. ஒப்பந்த ஆட்களுக்கு நாற்காலி ஒதுக்க விதி இல்லை என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஸ்டூலுக்கு மட்டும் எந்த விதி இடம் கொடுத்தது என்று அவளும் கேட்கவில்லை.

சுவரோரம் இருந்த சர்வர் என்ற கறுப்பு இயந்திரத்தில்தான் கூடத்தின் உயிர் ஓடியது. ஒரே இயந்திரத்துக்குள் ஏழு தனி அறைகள் தடுத்தது போல ஏழு கண்டெய்னர்கள். ஒன்றில் டோக்கன், ஒன்றில் ரசீது, ஒன்றில் நோயாளிகளின் ரிப்போர்ட் என்று ஒவ்வொன்றிலும் ஒரு மென்பொருள். அறைகளுக்கு வழி திறந்துவிடுவது கண்டெய்னர் நிரலின் வேலை. அந்த வழியில் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று மறிப்பது ஃபயர்வால். பழைய ஃபயர்வாலில், இதற்கென்றே நிரல் விட்டுவைத்திருந்த ஓரிடத்தில், சர்வர் அக்கா தன் கையால் பதினோரு விதிகள் எழுதி வைத்திருந்தாள். நம் கிளையிலிருந்து வந்தால் விடு, டாக்டர்கள் பக்கத்திலிருந்து வந்தால் விடு என்று பத்து வரி. பதினோராவது வரி, மற்ற எவனையும் விடாதே.

கண்டெய்னர் நிரலின் புதிய பதிப்பில் ஃபயர்வால் மாறியிருந்தது. ஒன்றும் சொல்லாவிட்டால் தானாக எடுத்துக்கொள்வது எதுவோ, அந்த டீஃபால்ட், இதுவரை ஐபிடேபிள்ஸ் என்ற பழைய ஃபயர்வால். இனி என்எஃப்டேபிள்ஸ். புதியது நல்லதுதான், வேகமானதுதான், அவளுக்கு அதன் மேல் எந்தக் கோபமும் இல்லை. ஆனால் அவள் விதிகள் தொங்கிக்கொண்டிருந்த இடம் புதியதில் கிடையாது. போன புதன்கிழமையே மேலாளருக்கு மெயில் எழுதியிருந்தாள். ‘பதினோரு விதிகளையும் புதிதாக எழுதிச் சோதிக்க வேண்டும். நான்கு நாள் வேண்டும். அதுவரை மாற்ற வேண்டாம்.’ மேலாளரிடமிருந்து ஒரே வரி பதில் வந்தது. ‘டீஃபால்ட்டே போதும்.’

வெள்ளிக்கிழமை அவள் விடுப்பு. வீட்டு வேலை என்று சொல்லியிருந்தாள். உண்மையில் டாக்டரைப் பார்க்கப் போனாள். மார்பில் ஒரு கட்டி. பரிசோதனைக்கு இதே கூடத்தில்தான் கொடுத்திருந்தாள். ரிப்போர்ட் கொடுக்கும் பெண் ஒருத்தியைத் தவிர யாருக்கும் தெரியாது. லிப்ட் மெக்கானிக்கான கணவனிடம்கூட மூச்சு விடவில்லை. அவன் பயந்த சுபாவம், முடிவு தெரிந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். ஒன்றுமில்லை, வெறும் கொழுப்புக் கட்டி என்றார் டாக்டர். அதே நேரத்தில் இங்கே மேலாளர் வெளி ஏஜென்சியிலிருந்து ஒருவனைக் கூப்பிட்டு ஃபயர்வாலை மாற்றச் சொல்லியிருந்தார். அவன் மாற்றினான், பழைய கட்டளையைப் போட்டு விதிகளைப் பார்த்தான், பதினோரு வரியும் இருந்தன. சரி என்று குறித்துவிட்டுப் போனான்.

சனிக்கிழமை மதியம் விஷயம் தெரிந்ததும் சர்வர் அக்காவும் வீட்டிலிருந்தபடியே அதே கட்டளையைப் போட்டாள். அடுப்பில் குக்கர், ஒரு கையில் கரண்டி. பதினோரு வரியையும் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, நல்லவேளை என்று மடிக்கணினியை மூடினாள்.

இப்போது ஸ்டூலில் உட்கார்ந்து மறுபடி பார்த்தாள். வரிகள் இருந்தன. ஒவ்வொரு வரிக்கும் இடப்பக்கம், அந்த விதி எத்தனை பேரைப் பார்த்தது என்று ஒரு எண் இருக்கும். வழக்கமாக லட்சக்கணக்கில் ஓடும் எண் அது. பதினோரு வரிக்கும் பூஜ்யம் என்று இருந்தது. மூன்று நாளாக அந்த வழியாக ஒரு ஈ காக்கைகூடப் போகவில்லை.

கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, தெருவில் போகிற யாரோ ஒருத்தியைப் போல வெளியிலிருந்து ரிப்போர்ட் பக்கத்தைத் தட்டினாள். கடவுச்சொல்கூடக் கேட்காமல் திறந்தது. உள்ளே வருபவர்கள் எல்லாம் நம் ஆட்கள் என்ற நம்பிக்கையில் கட்டிய பக்கம் அது. யார் யார் வந்து போனார்கள் என்ற பதிவை எடுத்தாள். முன்பின் தெரியாத ஒரே முகவரியிலிருந்து அறுபத்தொரு ரிப்போர்ட்டுகள் திறக்கப்பட்டிருந்தன. மூன்றாவது பதிவு எண்ணைப் பார்த்ததும் அவள் விரல் நின்றுவிட்டது. அவளுடையது.

அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தாள். இரண்டரை மணி நேரத்தில் பதினோரு விதிகளையும் புதிய ஃபயர்வாலில் எழுதினாள். ஒவ்வொன்றின் பக்கத்திலும், அடுத்து வருபவனுக்குப் புரியும்படி, எதற்காக என்று ஒரு குறிப்பு. மறுபடி கைப்பேசியில் தட்டினாள். பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே நின்றது. எண்கள் ஏற ஆரம்பித்தன. நாற்பது, முந்நூறு, இரண்டாயிரம். நடந்ததை எழுதி, பதிவையும் சேர்த்து மேலாளருக்கு அனுப்பினாள்.

மூன்று மணிக்குக் கூப்பிட்டார். மேசையில் கடிதம் தயாராக இருந்தது, பேனா மூடிகூடக் கழற்றி வைத்திருந்தார்.

“உக்காருங்க மேடம். சின்ன ஃபார்மாலிட்டிதான். படிச்சுட்டு ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க.”

படித்தாள். ‘எனது கவனக்குறைவால் பாதுகாப்பு விதிகள் செயலிழந்தன. உடனடியாகச் சரிசெய்யப்பட்டது. இதனால் யாருக்கும் எந்தப் பாதிப்பும் இல்லை.’

“சார், இதை மாத்தினது நான் இல்லையே. புதன்கிழமை மெயில் போட்டேனே?”

“மெயில் எல்லாம் சரி. சனிக்கிழமை நீங்களும் பாத்திருக்கீங்க. பதிவுல இருக்கு. பாத்துட்டு ஒண்ணும் சொல்லலையே?”

“ஆமா, பாத்தேன். வரியைப் பாத்தேன், எண்ணைப் பாக்கல. அது என் தப்பு. அதை மட்டும் எழுதுங்க, இப்பவே போடறேன்.”

“எல்லாம் ஒண்ணுதான் மேடம். விதி அங்கதானே இருந்தது? ஏன் வேலை செய்யல?”

“போன வருஷம் பின்பக்க கேட்டை விட்டுட்டு புது கேட் திறந்தோமே, ஞாபகம் இருக்கா? காவலுக்கு இருக்கற வாசல் அண்ணன்கிட்ட யாரும் சொல்லல. ரெண்டு நாள் பழைய கேட்லயே நோட்டை விரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. ஆள் எல்லாம் புது வழியா போயிட்டு வந்துட்டு இருந்தாங்க. அதே கதைதான் சார் இது. அதுக்கு அவரைக் குத்தம் சொல்ல முடியுமா?”

“அவருக்கு மெமோ கொடுத்தோமே,” என்றார் மேலாளர்.

சர்வர் அக்காவுக்கு அது தெரியாது. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

“அதுல கையெழுத்துப் போட்டாரா?”

“போட்டாரு. அதனாலதான் இன்னும் இருக்காரு. உங்க ஒப்பந்தமும் அடுத்த மாசம் புதுப்பிக்கணும் இல்லையா? நல்லா வேலை செய்யற ஆள் நீங்க. பிடிவாதம் வேணாம்.”

“யாருக்கும் பாதிப்பு இல்லைன்னு போட்டிருக்கே. அறுபத்தொரு பேருக்கும் சொல்லியாச்சா?”

“சொன்னா வீணா பயப்படுவாங்க.”

“மூணாவது நம்பர் என்னுது சார். எனக்கு என்ன இருக்குன்னு என் வீட்டுக்காரருக்கே தெரியாது. எவனோ ஒருத்தனுக்குத் தெரியும். யாருக்கும் பாதிப்பு இல்லைன்னா, அப்ப நான் யாரு?”

மேலாளர் பேனாவின் மூடியைத் தேடினார். அவள் அந்தப் பேனாவையே எடுத்து, அச்சிட்ட மூன்று வரிகளையும் கோடிட்டு அடித்தாள். கீழே எழுதினாள். ‘சனிக்கிழமை வரிகளைப் பார்த்தேன், எண்களைப் பார்க்கவில்லை. அது என் தவறு. மாற்ற வேண்டாம் என்று புதன்கிழமை எழுதினேன். மாற்றச் சொன்னவர் மேலாளர். அறுபத்தொரு பேர் பாதிக்கப்பட்டார்கள்.’ அதன் கீழ் தெளிவாகக் கையெழுத்துப் போட்டாள்.

“இது செல்லாது மேடம்.”

“அப்ப செல்லாததாவே உங்ககிட்ட இருக்கட்டும்.”

“நீங்க நாளையிலிருந்து வர வேண்டாம்.”

“நாளைக்கு என்ன சார், இப்பவே கிளம்பறேன்.”

ஸ்வெட்டரைக் கதவுக்குப் பின்னால் திரும்ப மாட்டினாள். டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், ஒரு குறிப்பேடு. ஊழியர் கேட்டில் அட்டையை வைத்தபோது சிவப்பு விளக்கு எரிந்தது. நான்கு நாள் கேட்டதற்கு அவகாசம் இல்லாத இடத்தில், ஒரு அட்டையை அணைக்க நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

வாசல் அண்ணன் எழுந்து வந்து கம்பியைக் கையால் தூக்கினார். “அட்டையை வாங்கி வைக்கச் சொல்லி ஃபோன் வந்துச்சும்மா,” என்றார். முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். பிறகு மெல்ல, “கேட்டாங்களா, கையெழுத்து?”

“கேட்டாங்கண்ணே.”

“நான் அன்னிக்குப் போட்டுட்டேன்.”

“தெரியும். இப்பதான் சொன்னாரு.”

அவர் கம்பியை வேண்டிய அளவுக்கு மேலேயே தூக்கிப் பிடித்திருந்தார்.

அவள் பேருந்து நிறுத்தத்துக்குப் போகவில்லை. கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பொதுமக்கள் வாசலுக்கு வந்தாள். அங்கே அட்டை தேவையில்லை. இயந்திரத்தில் பொத்தானை அழுத்தி டோக்கன் எடுத்தாள். எண்பத்து மூன்று. பலகையில் அறுபத்து ஆறு ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சை மடித்த முழங்கைக்குள் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. முதுகு சாய்க்கிற நாற்காலி. சாய்ந்து உட்கார்ந்து கணவனுக்கு ஃபோன் போட்டாள்.

“என்ன, இந்த நேரத்துல?” பின்னால் இரும்பு தட்டும் சத்தம்.

“ஏங்க, ஒரு விஷயம் ஒரு மாசமா உங்ககிட்ட மறைச்சுட்டேன். பயப்படற மாதிரி ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன். ஆனா வேத்தாளுக்குத் தெரிஞ்சுபோச்சு. இனிமே உங்களுக்குத் தெரியாம இருக்கக்கூடாது. கொஞ்சம் ஓரமா வந்து கேளுங்க.”

சொல்லி முடிக்க ஆறு டோக்கன் ஆனது. வேலை போனதையும் சேர்த்தே சொன்னாள். அந்தப் பக்கம் இரும்பு தட்டும் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. “நான் அங்க வரேன், நீ எந்திரிக்காத,” என்றான் கணவன்.

அவன் வருவதற்குள் எண்பத்து மூன்று வந்துவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் ரிப்போர்ட் கொடுக்கும் பெண் அவளைப் பார்த்து விழித்தாள்.

“அக்கா, நீங்க ஏன் இந்தப் பக்கம் நிக்கறீங்க?”

“நோயாளியா வந்திருக்கேன். புகார் எழுதணும். என் ரிப்போர்ட்டை வெளியாள் திறந்திருக்கான்.”

பெண் மேலே மாடியை ஒருமுறை பார்த்தாள். பிறகு திரையில் புகார்ப் படிவத்தைத் திறந்தாள். பதிவு எண்ணைக் கேட்காமலே அடித்தாள், அவளுக்கு அது மனப்பாடம். “பாதிக்கப்பட்டவர் எத்தனைன்னு ஒரு கட்டம் இருக்குக்கா. அது தானாவே ஒண்ணுன்னு எடுத்துக்குது. அப்படியே விட்டுடவா?”

“விடாத. அழிச்சுட்டு அறுபத்தொண்ணுன்னு போடு.”

விசைகள் தட்டப்பட்டன. அந்தப் படிவம், நம் கிளையை விடச் சொல்லி காலையில் அவள் எழுதிய நான்காவது விதியைக் கடந்து உள்ளே போனது. தலைக்கு மேல் இருந்த பெரிய திரையில், கும்பிடும் இரண்டு கைகளுக்குக் கீழே, எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. ‘உங்கள் ரிப்போர்ட்டுகள் இப்போது புதிய பாதுகாப்புடன்.’ நாற்காலிகளில் டோக்கனோடு காத்திருந்தவர்கள் அண்ணாந்து அதைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.