அண்ணன் வருவதற்குள் அடங்க வேண்டிய சத்தம்

காரின் பின்பக்க ஸ்பிரிங்குகளைத் தானே மாற்றப்போவதாக நர்ஸ் தங்கை சொன்னதும், மெக்கானிக் அண்ணன் போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தான். “ஊசி போடுற வேலைன்னு நினைச்சியா? ஞாயித்துக்கிழமை நானே வந்து மாத்துறேன்.”

அந்தச் சிரிப்புதான் அவளைக் கிளப்பிவிட்டது. சனிக்கிழமை காலையிலேயே காரை ஜாக்கியில் தூக்கிவிட்டாள். அவன் வரும்போது வண்டி தயாராக நிற்க வேண்டும். இல்லையென்றால் அவன் வாயை ஆயுசுக்கும் அடைக்க முடியாது.

புது ஸ்பிரிங் ஏறியதும் கார் நிமிர்ந்து நின்றது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தெருமுனை வேகத்தடையில் காரை ஏற்றினாள். கிரீச்! இறக்கினாள். கிரீச்!

“பழைய கட்டில் கெட்டது போ,” என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவன்.

“பேசாம டிக்கில ஏறிக் குதிங்க.”

அவனும் குதித்தான். அவள் வண்டிக்கடியில் படுத்து, வார்டு ஸ்டெதாஸ்கோப்பை அங்கங்கே வைத்துக் கேட்டாள். ஸ்பிரிங்கின் அடிமுனையில் இரும்போடு இரும்பு உரசிக்கொண்டிருந்தது. அப்போதுதான் உறைத்தது. பழைய ஸ்பிரிங்குகளின் அடியில் அழுக்குப் பிடித்த ரப்பர் வளையங்கள் இருந்தன. வார்டில் ஒருமுறை பயன்பட்டதெல்லாம் நேரே குப்பைக்குத்தான் போகும். அந்தப் பழக்கத்தில் அவற்றையும் எறிந்திருந்தாள்! குப்பை வண்டி வந்து போயே ஒரு மணி நேரமாகிவிட்டது.

திங்கட்கிழமைக்கு முன் கிடைக்காது என்று உதிரிபாகக் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். வாடிய முகத்தோடு திரும்பியவள், செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த கணவனின் கையிலிருந்த பச்சை ரப்பர் குழாயையே பார்த்தாள்.

“ஐயோ, புது ஓஸ்மா இது!”

அவன் அலறல் எடுபடவில்லை. ஓஸை அளந்து வெட்டி, நீளவாக்கில் கீறி, ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றுக்குச் சட்டை போல மாட்டினாள். மறுபடி வேகத்தடை. சத்தம் மூச்சுவிடவில்லை. சந்தோஷம் தாங்காமல் திரும்பத் திரும்ப ஏறி இறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்து ஓட்டிப் பார்த்தான். வண்டிக்கடியில் டார்ச்சோடு நுழைந்தான்.

“என்னடி இது பச்சையா?”

“ஓஸ். ரப்பரைக் குப்பைல போட்டுட்டேண்ணா.”

அண்ணனின் தலை மட்டும் வெளியே வந்தது.

“என் வண்டியும் ரெண்டு மாசமா இப்படித்தான் கத்துது. என்னென்னவோ செஞ்சு பார்த்துட்டேன். வெளிய சொல்லிடாதே, பொழப்பே போயிடும். மிச்ச ஓஸ் இருக்கா?”

அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

“வண்டியை உள்ள விடுண்ணா, பார்த்துடலாம்,” என்று ஜாக்கியை எடுத்தாள்.