ஆணி அக்கா கொடுத்த வாக்கு

அவளுக்கு ஆணி அக்கா என்று பெயர் வந்ததற்கு இரண்டு காரணம் சொல்வார்கள். கடைத்தெரு முனையில் ஆணி, திருகு, பூட்டு, குழாய் விற்கும் கடை அவளுடையது என்பது ஒன்று. அவள் ஒரு வார்த்தையை அடித்து இறக்கிவிட்டால் அதைப் பிடுங்க ஆள் கிடையாது என்பது இன்னொன்று. அவள் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனபின் முதல் காரணத்தைச் சிலர் மறந்துவிட்டார்கள். இரண்டாவதை யாரும் மறக்கவில்லை, அவள் கட்சிக்காரர்கள் உட்பட.

அவள் கட்சி பழைய ஒழுங்கை மதிக்கிற கட்சி. வரியை ஏற்றாதே, கடன் வாங்கி ஆடம்பரம் செய்யாதே, குடும்பம் பார்த்துக்கொள்ளும் காரியத்தில் அரசாங்கம் மூக்கை நுழைக்காதே என்பது அதன் கொள்கை. மற்றவர்களுக்கு அது மேடைப் பேச்சு. அக்காவுக்கு அது கடையில் உட்கார்ந்து கற்ற பாடம்.

"வரவுக்குள்ள வாழணும். அடுத்தவங்க வீட்டு அடுப்புல என்ன கொதிக்குதுன்னு எட்டிப் பாக்கக் கூடாது. நாட்டுக்கும் அவ்வளவுதான்." தேர்தல் நேரத்தில் தெருத்தெருவாக இதையே சொல்லிக்கொண்டு நடந்தாள்.

அப்படி நடந்துபோன ஒரு மாலையில் பிஸ்கட் ஆலைக்குப் பின்னால் இருக்கும் சந்துக்குள் நுழைந்தாள். அங்கே பெண்கள் பேச்சைக் கேட்கிற மனநிலையில் இல்லை. ஒரு வீட்டுக் கதவில் ஒட்டியிருந்த, அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதை நிறுத்தச் சொல்லும் அரசு அறிவிப்பைக் காட்டினார்கள். அது தொட்டிலம்மாவின் வீடு. ஆலையில் காலை முறைக்குப் போகும் தாய்மார்கள் இருட்டு விலகும் முன்பே பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். வருஷக்கணக்காக நடந்து வந்த ஏற்பாடு. இப்போது புதுச் சட்டம் ஒன்று வந்திருந்தது. வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர் பட்டயப் படிப்பு முடித்திருக்க வேண்டும், பிள்ளைகளுக்கென்று தனிச் சமையலறை வேண்டும், தனிக் கழிப்பறை வேண்டும், விளையாட முற்றம் வேண்டும். இரண்டு அறை வீட்டில் முற்றத்துக்கு எங்கே போவது?

பிஸ்கட்டைப் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை செய்யும் ஒருத்தி முன்னால் வந்தாள். இடுப்பில் ஒரு பையன்.

"எங்க வேலைய விட முடியாதுக்கா. என் மூத்தவ எட்டாவது படிச்சிட்டிருந்தா. இப்ப பள்ளிக்கூடம் போகல, இவனைப் பாத்துக்கிறா. சட்டம் போட்டவங்களுக்குப் பிள்ளைங்க மேல அக்கறையாம். என் பொண்ணும் பிள்ளைதானே?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. அங்கேயே நின்றபடி சொன்னாள்: "நான் ஜெயிச்சா என் முதல் மசோதா இதுதான். என்னால முடியலைன்னா, அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு இந்தச் சந்துக்குள்ள கால் வைக்க மாட்டேன்."

வீட்டுக்குத் திரும்பும் வழியில், கூடவே நடந்து வந்த கணவர் மெதுவாகக் கேட்டார். "முதல்ல சொன்னது சரி. அந்த ரெண்டாவது தேவையா?"

"தேவைதாங்க. அது இல்லைன்னா முதல்ல சொன்னதுக்கு எடை இல்ல."

அவர் கடையில் எடை போட்டே நரைத்தவர். அந்தக் கணக்கு அவருக்குப் புரிந்தது.

அக்கா ஜெயித்தாள். ஆனால் சட்டமன்றம் கடைத்தெரு இல்லை என்பது போன பிறகுதான் தெரிந்தது. ஒரு மசோதாவை உள்ளே கொண்டுபோவது, குறுகிய படிக்கட்டில் பீரோ ஏற்றுவது மாதிரி. நாலு பேர் பிடிக்க வேண்டும், நாலு பேரும் வேறு வேறு பக்கம் இழுப்பார்கள். புதுச் சட்டத்தை அடியோடு நீக்கும் மசோதாவை எழுதி, கையெழுத்து வாங்கி, குழுவின் விசாரணைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் அவள் பதவிக்கு வந்து ஒரு வருஷம் ஓடிவிட்டது.

குழுவில் எதிர்க்கட்சி சார்பில் உட்கார்ந்திருந்தவர் ஓய்வு பெற்ற நர்ஸ். ஒல்லியான உருவம், ஏற்ற இறக்கம் இல்லாத குரல். அக்கா பேசி முடித்ததும் அந்தம்மா எழுந்தார்.

"நான் தீக்காயப் பிரிவுல வேலை பாத்தவ. இப்படி ஒரு வீட்டுலேருந்து ஒரு குழந்தையக் கொண்டுவந்தாங்க. ஒரே கதவு, ஜன்னல்ல கம்பி. பாத்துக்கிட்ட பொம்பள நல்லவதான், அழுதுகிட்டே ஆம்புலன்ஸ் பின்னாடி ஓடி வந்தா. அந்தக் குழந்தை முகத்தைத் துடைச்சு விட்டது நான். உறுப்பினர் சொல்றாங்க, அரசாங்கம் வாசலுக்கு வெளியே நிக்கணுமாம். அன்னைக்கு எல்லாரும் வெளியேதான் நின்னோம்."

அக்காவின் கையில் பதில் பேச்சு தயாராக இருந்தது. அவள் கட்சிக்காரர்கள் அதற்காகத்தான் காத்திருந்தார்கள். அவளோ அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "தலைவர் அவர்களே, எனக்குக் கொஞ்சம் அவகாசம் வேணும்" என்றாள்.

மதியம் சிற்றுண்டிச் சாலையில் நர்ஸம்மா தனியாக உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார். அக்கா எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"நீங்க சொன்னதுக்கு என்கிட்ட பதில் இல்லம்மா. ஆனா என் தொகுதியில ஒரு வீடு இருக்கு. ஒரு தடவை வந்து பாருங்க. உங்களுக்கு மனசு ஒப்பலைன்னா மசோதாவை நானே திரும்ப வாங்கிக்கிறேன்."

நர்ஸம்மா நிமிர்ந்து பார்த்தார். "உங்க கட்சியில விடுவாங்களா?"

"அவங்களக் கேட்டா உங்க எதிர்ல வந்து உட்கார்ந்தேன்?"

அந்த வார இறுதியிலேயே நர்ஸம்மா பேருந்து பிடித்து வந்துவிட்டார். தொட்டிலம்மா வீட்டைப் பெருக்கித் துடைத்து, பாய்களைச் சுருட்டி அடுக்கி வைத்திருந்தாள். நர்ஸம்மா தண்ணீர்கூடக் குடிக்காமல் வீட்டைச் சுற்றினார். பால்புட்டி கொதிக்க வைக்கும் பாத்திரத்தைப் பார்த்தார். பிள்ளைகள் எட்டாத உயரத்தில் மண்ணெண்ணெய் இருப்பதைப் பார்த்துத் தலையசைத்தார். பின்னறைக்குப் போனவர் ஒரு பெரிய அலமாரி முன்னால் நின்றுவிட்டார்.

"இதுக்குப் பின்னால என்ன இருக்கு?"

"கொல்லைக் கதவும்மா," என்றாள் தொட்டிலம்மா. "இடம் இல்லாம அதை மறைச்சு வச்சிட்டேன்."

நர்ஸம்மா திரும்பி அக்காவைப் பார்த்தார். அக்காவுக்கு முகம் சிவந்துபோனது. எத்தனை தடவை இந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள். பூட்டும் தாழ்ப்பாளும் விற்றுத் தின்கிறவள், ஒரு கதவு இல்லாததைக் கவனிக்கவில்லை. ஜன்னலிலும் கம்பிதான், அந்தக் குழந்தை இருந்த வீட்டைப் போலவே.

அவள் வாதம் செய்யவில்லை. கணவருக்குப் போன் போட்டாள். அவர் தள்ளுவண்டியில் சாமான்களோடு வந்தார். அலமாரியை நாலு பேராக நகர்த்தி முன்னறைச் சுவரோரம் நிறுத்தினார்கள். துருப்பிடித்த கொல்லைக் கதவுக்குப் புதுக் கீல் மாட்டி, உள்ளிருந்து ஒரு விரலால் திறக்கும் தாழ்ப்பாள் போட்டார்கள். ஜன்னல் கம்பியை அறுத்துத் திறக்கிற மாதிரி ஆக்கினார்கள். சாயங்காலம் அக்கா வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"யார் வீட்டுல அலமாரி எங்க இருக்கணும்னு அரசாங்கம் சொல்லக் கூடாதுன்னு நேத்து வரைக்கும் அடிச்சுச் சொல்லியிருப்பேன்."

நர்ஸம்மா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். "பட்டயப் படிப்பு இல்லாம பிள்ளை வளக்க முடியாதுன்னு நானும் சொல்லியிருப்பேன். இந்தம்மா பால்புட்டியை வச்சிருக்கிற சுத்தம் என் வார்டுல இருந்ததில்ல."

பாய் மேல் உட்கார்ந்தே இருவரும் பேசி முடித்தார்கள். தப்பிக்க இரண்டு வழி இருக்க வேண்டும். பார்த்துக்கொள்கிறவர் மேல் குற்ற வழக்கு இருக்கக் கூடாது. ஆறு பிள்ளைகளுக்கு மேல் கூடாது. இதெல்லாம் இருக்கும். படிப்பு, தனிச் சமையலறை, தனிக் கழிப்பறை, முற்றம் எல்லாம் போகும். மசோதாவில் இருவர் பெயரும் வரும்.

அதுதான் கட்சிக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே கட்சிக் கொறடா கூப்பிட்டு அனுப்பினார். உறுப்பினர்கள் எந்தப் பக்கம் கை தூக்க வேண்டும் என்று சொல்கிறவர் அவர்தான். பெரிய மேஜை, அதன் மேல் பெரிய கை.

"என்னம்மா இது, எதிர்க்கட்சியோட கைகோத்துக்கிட்டு? பேரு அவங்களுக்குப் போயிடும். ஊருக்கு ஊர் பெரிய காப்பகம் நடத்துறவங்களுக்கும் மனவருத்தம். நமக்கு வேண்டியவங்க அவங்க. அடுத்த கூட்டத் தொடருக்குத் தள்ளி வைப்போம்."

"தள்ளி வச்சா வருமாண்ணா?"

"வரும், வராம என்ன. பாப்போம்."

"என் கடையில 'பாப்போம்'னு சொல்றவர் சாமான் வாங்குறவர் இல்லண்ணா."

கொறடாவின் குரல் இறங்கியது. "அடுத்த தேர்தல்ல சீட்டு வேணுமில்லையா உனக்கு?"

அக்கா எழுந்தாள். "சீட்டு இல்லைன்னா எனக்குக் கடை இருக்கு. வாக்குத் தவறினேன்னா கடைக்கும் ஆள் வராது. குடும்பத்தோட காரியத்தைக் குடும்பம் பாத்துக்கட்டும்னு நாமதானே சொல்றோம்? அதை நம்பித்தான் நான் இந்தக் கட்சியில இருக்கேன். நீங்க அதை நம்பலைன்னா இப்பவே சொல்லிடுங்க, தெரிஞ்சுக்கிறேன்."

அக்கா அறைக்கு வெளியே வந்தாள். தண்ணீர்க் குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள்.

வாக்கெடுப்பு வரைக்கும் அவள் ஒரு உறுப்பினரையும் விடவில்லை. தாழ்வாரத்தில், மின்தூக்கியில், கார் நிறுத்துமிடத்தில் மடக்கினாள். சிக்கனம் பேசுகிறவரிடம், "ஒரு காசு செலவில்லாத சட்டம்" என்றாள். குடும்பம் பேசுகிறவரிடம் பள்ளியை விட்ட பெண்ணைப் பற்றிச் சொன்னாள். அந்தப் பக்கம் நர்ஸம்மா தன் கட்சிக்காரர்களைப் பிடித்து, "நான் சரின்னு சொன்னா உங்களுக்கு என்ன பயம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பாதிப் பேர் அக்காவைக் கண்டதும் கழிப்பறைக்குள் நுழைந்தார்கள். வெளியே வந்தபோதும் அவள் அங்கேயே நின்றிருந்தாள்.

அந்த நாளும் வந்தது. பார்வையாளர் மாடத்தில் ஆலைப் பெண்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். கொறடா எந்த உத்தரவும் போடவில்லை, "அவரவர் மனசாட்சிப்படி" என்று சொல்லிவிட்டிருந்தார். தோற்றால் பழி அக்காவுக்கு, ஜெயித்தால் பெருமை பொதுவில்.

அக்கா சுருக்கமாகத்தான் பேசினாள். கொடுத்த வாக்கைச் சொன்னாள், கவனிக்கத் தவறிய கதவைச் சொன்னாள், அதைக் காட்டிக் கொடுத்தவர் எதிர் வரிசையில் இருக்கிறார் என்றும் சொன்னாள். பிறகு நர்ஸம்மா எழுந்து, "இந்த மசோதாவை எதிர்க்க வந்தவ நான். இன்னைக்கு இதுக்குத்தான் என் ஓட்டு" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார்.

சபாநாயகர் ஆதரிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்.

முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுந்தன. பின்வரிசையில் நாலைந்து. எதிர்ப்பக்கம் ஒரு முழு வரிசை. அதைப் பார்த்து இந்தப் பக்கம் ஒரு வரிசை. கழிப்பறைக்குள் ஒளிந்தவர்கள்கூடத் தூக்கினார்கள். எண்ணிக்கொண்டு வந்த அதிகாரி இடையில் நிறுத்தி மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று. கடைசியில், காற்று எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்ட கொறடாவும் தன் பெரிய கையைத் தூக்கினார்.

மாடத்தில் கைதட்டல் கூரையைத் தொட்டது. கைதட்டக் கூடாது என்று சபாநாயகர் சுத்தியலைத் தட்டினார். அந்தச் சத்தத்தையும் பிள்ளைகள் விளையாட்டென்று எடுத்துக்கொண்டு சேர்ந்து தட்டின. அக்கா மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, கண்ணில் நீர் வழிவதைத் துடைக்கக்கூட மறந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

சட்டம் நடைமுறைக்கு வந்த முதல் காலையில் தொட்டிலம்மா வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்தன. பொட்டலம் கட்டும் பிரிவுக்காரி மகனை உள்ளே விட்டுவிட்டு வேலைக்கு ஓடினாள். அவள் மூத்தவள் பையை மாட்டிக்கொண்டு எதிர்த்திசையில் பள்ளிக்கூடம் போனாள். ஆலைச் சங்கு ஊதி ஓய்ந்தபோது சந்தில் அக்காவும், முதல் பேருந்தில் வந்திறங்கிய நர்ஸம்மாவும் மட்டும் நின்றார்கள்.

"அடுத்த மாசம் பட்ஜெட் வருது," என்றார் நர்ஸம்மா, தொட்டிலம்மா கொடுத்த தேநீரை ஊதிக்கொண்டே. "ஆஸ்பத்திரிக்காக வரியைக் கொஞ்சம் ஏத்தச் சொல்லிக் கேக்கப்போறேன்."

"ஒரு பைசா ஏத்த விட மாட்டேன்."

"ஆஸ்பத்திரி கூரை ஒழுகுது, தெரியுமா?"

"ஒழுகட்டும்னா சொல்றேன்? வீண் செலவு எங்க இருக்குன்னு நான் காட்டுறேன். அங்கிருந்து எடுப்போம்."

"காட்டுங்க பாப்போம்."

"காட்டத்தானே போறேன். வாங்க, நடந்துகிட்டே சொல்றேன்."

விடிந்துவிட்ட தெருவில் இருவரும் உரக்க வாதாடிக்கொண்டே பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள். வந்து நின்ற பேருந்தை இருவருமே கவனிக்கவில்லை.